இலங்கையில் எரிபொருள் விலையும் நுகர்வுக் கட்டுப்பாடும்

விலை, வரி, மானியம், பங்கீடு ஆகியவற்றின் வழியே மக்களின் பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய்ப் பாவனையை நெறிப்படுத்த இலங்கை அரசு எடுத்துவந்த நடவடிக்கைகளை இத்தலைப்பு குறிக்கும். எண்ணெய்த் தேவைக்கு இறக்குமதியையே நம்பியிருக்கும் நாட்டில், அந்நியச் செலாவணி குறையும்போதெல்லாம் நுகர்வை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்வி எழுகிறது.

தொடக்கம்

1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் நிறுவனங்களின் சொத்துகள் அரசுடைமையாயின. 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. சில்லறை விலை அரசின் கைக்கு வந்ததால், உலகச் சந்தை ஏறிய காலங்களில் நட்டத்தின் பெரும்பகுதி கூட்டுத்தாபனத்தின் மீதே விழுந்தது. 2003இல் லங்கா ஐஓசி நிறுவனமும் எரிபொருள் விற்பனையில் இறங்கியது.

விலைச் சூத்திரம்

2018 மே மாதம், உலக விலையோடு உள்நாட்டு விலையை இணைக்கும் சூத்திரம் நடைமுறைக்கு வந்தது. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 117 ரூபாவிலிருந்து 137 ரூபாவானது. 44 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 101 ரூபாவுக்கு உயர்ந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த மாதமே 70 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. சூத்திரமும் நீடிக்கவில்லை.

2022 நெருக்கடி

2022 ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவை எட்டியது. இறக்குமதிக்கு டொலர் இல்லாததால் விலையேற்றம் எரிபொருள் நிலைய வரிசைகளைக் குறைக்கவில்லை. ஏப்ரலில் மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபா, முச்சக்கர வண்டிக்கு 1,500 ரூபா, காருக்கு 5,000 ரூபா என ஒரு தடவைக்கான உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலை வந்தது.

ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அறிமுகமானது. வாகனத்தைப் பதிந்து பெற்ற கியூஆர் குறியீட்டைப் பெற்றோல் செட்டில் காட்டினால், மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் காருக்கு 20 லீற்றரும் கிடைத்தன. ஒரே வாகனம் திரும்பத் திரும்ப நிரப்புவதும் பதுக்கலும் குறைய, வரிசைகள் சுருங்கின.

அம்பாறைக் கரையோரம்

விலையும் பங்கீடும் எல்லோரையும் ஒரேவிதமாகத் தொடுவதில்லை என்பதற்கு அம்பாறை மாவட்டம் தெளிவான சான்று. இறக்காமம், வரிப்பத்தான்சேனை போன்ற வயற்கிராமங்களில் உழவும் அறுவடையும் டீசலால் நடப்பவை. சொந்தப் பயணத்தைத் தள்ளிப்போடலாம். முற்றிய வேளாண்மையைத் தள்ளிப்போட முடியாது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கடற்றொழிலாளரில் பலர் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகளை நம்பியவர்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது அவர்களின் தொழிலையே தாக்கியது.

பிற்காலமும் மதிப்பீடும்

2023 செப்டம்பர் 1ஆம் திகதி கியூஆர் பங்கீடு நீக்கப்பட்டது. மாதாந்த விலைத் திருத்தம் வழக்கமாயிற்று. 2024 ஜனவரியில் எரிபொருளுக்கும் 18 சதவீதப் பெறுமதிசேர் வரி வந்தது.

விலையுயர்வு வசதியுள்ளவரின் வீண் ஓட்டத்தைக் குறைக்கலாம். உழைப்புக்கே எரிபொருள் வாங்குபவரிடம் அது வருமானத்தைப் பறிக்கிறது. கியூஆர் முறை பணத்தின் பலத்தைக் கட்டுப்படுத்தியது அதன் பெருமை. வாகன வகையை வைத்து அளந்ததால், ஒரே வகை வண்டியில் பிழைப்புக்கு ஓடுபவரையும் உலாவப் போகிறவரையும் அது பிரித்தறியவில்லை. வயலுக்கும் கடலுக்கும் உரிய பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு மற்றதைப் பகிரும் திட்டமே நீதியானது.