வேறு பெயரில் வந்த பணம்

மூட்டுவாதம் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது ஒரு தாத்தா, ஒரு கைத்தடி, கொஞ்சம் தைல வாசனை. மூன்று வயதுக் குழந்தைக்கும் அது வரும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது மூட்டு வீங்கியே இருந்து, வேறு காரணமும் அகப்படவில்லை என்றால் அதை இளம்பருவ மூட்டுவாதம் என்கிறார்கள். உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த மூட்டுகளையே தாக்கும் கோளாறு இது.

இந்தக் குழந்தைகளுக்கு நிதி திரட்டுவதில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் அழுத பிள்ளை மாலை நான்கு மணிக்கு ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் "நடிக்குது" என்பார்கள். சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும். வலியும் இருக்காது, சிவப்பும் இருக்காது, பார்வை மட்டும் போய்க்கொண்டிருக்கும். இதையெல்லாம் எந்தப் புகைப்படத்தில் காட்டுவது? நன்கொடையோ பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் வருகிறது. வரலாற்றைப் புரட்டினால், இந்தக் குழந்தைகளின் வாழ்க்கையை மாற்றிய பணத்தில் நிறைய, வேறு யாருக்காகவோ திரட்டிய பணமாக இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் லண்டன். கிரேட் ஆர்மண்ட் தெருவில் 1852-ல் பத்துப் படுக்கைகளோடு குழந்தைகளுக்கென்று ஒரு மருத்துவமனை திறந்தார்கள். ஆறே ஆண்டில் கையில் காசில்லை. 1858 பிப்ரவரியில் ஒரு நிதி விருந்து வைத்து, பேச ஒருவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். (நமக்கு ஆங்கிலத் துணைப்பாடத்தில் பாடாய்ப் படுத்திய அதே ஆள்தான்!) எடின்பரோவின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில், முட்டை வைக்கும் பெட்டிக்குள் படுத்துக் கிடந்த நோயாளிக் குழந்தை ஒன்றைத் தான் பார்த்த கதையை அங்கே சொன்னார். அன்றிரவே 3,000 பவுண்டு போலச் சேர்ந்தது. மருத்துவமனை பக்கத்து வீட்டையும் வாங்கிப் பெரிதானது.

அந்த விருந்தில் மூட்டுவாதம் என்ற பேச்சே இருந்திருக்காது. ஆனால் சுமார் நாற்பது ஆண்டு கழித்து, அதே மருத்துவமனையில் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்ற இளம் மருத்துவர் 22 குழந்தைகளின் வீங்கிய மூட்டுகளைக் கவனமாகப் பார்த்துக் குறித்து வைத்தார். சிலருக்கு மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் கூட வீங்கியிருந்தன. 1897-ல் வெளியான அவருடைய கட்டுரை, குழந்தைகளுக்கு வருவது பெரியவர்களின் மூட்டுவாதத்தின் சின்ன வடிவம் மட்டும் அல்ல, அதில் தனி நோயும் இருக்கிறது என்று வாதிட்டது. இன்றும் ஒரு வகைக்கு 'ஸ்டில் நோய்' என்றுதான் பெயர். நோயாளிக் குழந்தைகளை ஒரே இடத்தில் பல மாதம் வைத்துப் பார்க்கப் படுக்கை இருந்ததால்தான் இது முடிந்தது. படுக்கை எங்கிருந்து வந்தது? முட்டைப் பெட்டிக் கதையிலிருந்து.

அடுத்தது அமெரிக்கா. நிதி திரட்டும் கலையை அடியோடு மாற்றியது இந்தக் கதைதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாமல் போனவர் என்பது தெரிந்ததே. 1938 ஜனவரியில் அவர் முயற்சியில் போலியோவுக்கென்று ஒரு தேசிய அறக்கட்டளை உருவானது. அதுவரை நன்கொடை என்றால் பணக்காரர்களிடம் கேட்பதுதான் வழக்கம். வானொலி நகைச்சுவை நடிகர் எடி கேன்டர் வேறு மாதிரி யோசித்தார். ஆளுக்கு ஒரு டைம், அதாவது பத்து சென்ட், நேராக வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்றார். 'மார்ச் ஆஃப் டைம்' என்று அப்போது ஓடிக்கொண்டிருந்த செய்திப்படத்தின் பெயரைக் கிண்டலாகத் திருப்பி 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்று பெயரும் வைத்தார். முதல் ஓரிரு நாள் ஒன்றும் பெரிதாக வரவில்லை. பிறகு வந்தது பாருங்கள்... மூட்டை மூட்டையாக! அரசாங்கத் தபால் எது, நாணயம் எது என்று பிரிக்க முடியாமல் ஊழியர்கள் திணறினார்கள். எண்ணிப் பார்த்தபோது 26,80,000 நாணயங்கள். 2,68,000 டாலர். வணிகவியல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, கொடுத்தவர்களின் எண்ணிக்கையை.

1946 முதல் ஆண்டுதோறும் சுவரொட்டிக்கு ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். நோயில் கிடந்த நிலை ஒரு பக்கம், எழுந்து நடக்கும் நிலை மறுபக்கம். உங்கள் காசு என்ன செய்தது என்பதைப் பார்த்தவுடனே புரிய வைத்துவிடும் படம். காலையில் முடங்கி மாலையில் ஓடி மறுநாள் மறுபடி முடங்குகிற பிள்ளையை வைத்து இப்படி ஒரு படம் எடுக்கவே முடியாது.

1955-ல் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வெற்றி என்று அறிவித்தார்கள். அறக்கட்டளைக்குத் தர்மசங்கடம்! ஊர் ஊராய்க் கிளைகள், லட்சக்கணக்கில் தொண்டர்கள், கதவைத் தட்டினால் காசு போடப் பழகிய மக்கள்... ஆனால் நோய் ஒழிந்துகொண்டிருக்கிறது. கடையை மூடவில்லை. 1958-ல் புதிய நோக்கங்களை அறிவித்தார்கள். ஒன்று பிறவிக் குறைபாடுகள். இன்னொன்று மூட்டுவாதம். போலியோவுக்குப் பழக்கப்பட்ட கைகளிலிருந்து மூட்டுவாத ஆராய்ச்சிக்கும் சிகிச்சை மையங்களுக்கும் காசு வந்தது. நீண்ட நாள் நிலைக்கவில்லை. மூட்டுவாதத்துக்கென்று 1948 முதலே தனி அமைப்பு ஒன்று இயங்கிவந்தது. ஒரே நோய்க்கு இரண்டு உண்டியல் குலுங்கினால் சண்டை வராமல் இருக்குமா? சில ஆண்டுகளில் மார்ச் ஆஃப் டைம்ஸ் மூட்டுவாதத்தை விட்டுவிட்டுப் பிறவிக் குறைபாடுகளோடு நின்றுகொண்டது. குழந்தை முகம் சுவரொட்டியில் நன்றாக எடுபடுவது அங்கேதான்.

இங்கிலாந்தில் இன்னொரு கதை. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காக, டாப்லோ என்ற ஊரில் கனடா செஞ்சிலுவைச் சங்கம் ஒரு மருத்துவமனை கட்டியது. போர் முடிந்ததும் அது பிரிட்டனுக்குக் கிடைத்தது. குழந்தைகளின் வாதக் காய்ச்சலுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். பென்சிலின் வந்து அந்தக் காய்ச்சல் குறைய, படுக்கைகளில் மிச்சமிருந்தவர்கள் மூட்டுவாதக் குழந்தைகள்! எரிக் பைவாட்டர்ஸும் பார்பரா ஆன்செல்லும் அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கவனித்தார்கள். இன்றைய குழந்தை மூட்டுவாத மருத்துவத்தின் அடித்தளத்தில் அந்தக் குறிப்புகளுக்குப் பெரிய பங்கு. 1985-ல் மருத்துவமனையை மூடிவிட்டார்கள்.

கடைசியாக 'ஜிம்மி'. 1948 மே 22 இரவு. அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்று பாஸ்டன் மருத்துவமனையில் புற்றுநோயோடு படுத்திருந்த 12 வயதுப் பையனோடு பேசியது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணியின் வீரர்கள் அறைக்குள் நுழைந்தார்கள். ஆட்டம் பார்க்க ஜிம்மிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், 20,000 டாலர் சேர்ந்தால் வாங்கித் தருவோம் என்றார்கள். சேர்ந்தது 2,31,000 டாலருக்கும் மேல். பையன் ஒருவன், பெட்டி ஒன்று. மீதியெல்லாம் மருத்துவர் சிட்னி ஃபார்பரின் குழந்தைப் புற்றுநோய்ப் பணிக்குப் போனது. ஜிம்மி என்பது உண்மைப் பெயர் அல்ல. அவன் செத்திருப்பான் என்றே பலரும் நினைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1998-ல், லாரி ஓட்டிப் பிழைத்த அறுபது வயதைத் தாண்டிய மனிதராக உயிரோடு வந்து நின்றார்.

இதற்கும் மூட்டுவாதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடம் சோதித்தது ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். அமெரிக்காவிலும் சோவியத் யூனியனிலும் 127 குழந்தைகளிடம் நடந்த சோதனை, வாரம் ஒரு முறை சிறிய அளவில் கொடுத்தால் அது மூட்டுவாதத்தை அடக்குகிறது என்று 1992-ல் காட்டியது. பனிப்போர்க் காலத்தின் இரு எதிரிகள், ஒரே வீங்கிய முழங்கால்! இன்றும் பல நாடுகளில் இந்தக் குழந்தைகளுக்கு முக்கிய மருந்து அதுதான், விலையும் குறைவு. அதற்குக் கட்டுப்படாதவர்களுக்கு 1999-ல் அமெரிக்காவில் எட்டனர்செப்ட் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. அதன் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல்.

இப்போது இந்தக் குழந்தைகளுக்கென்றே நேராகவும் பணம் திரட்டுகிறார்கள். அமெரிக்க மூட்டுவாத அறக்கட்டளை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் ஓட்டம் நடத்துகிறது. வருகிறவர்கள் ஷூ கயிற்றில் குட்டி மணிகளைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பல ஊர்களில் ஒரு குழந்தையை அந்த ஆண்டின் முகமாகவும் நிறுத்துகிறார்கள். ஓட்டம் நடப்பதோ காலையில். முழங்கால் மடங்க மறுக்கும் அந்த நேரத்தில், மேடையில் நிற்கும் பிள்ளையைப் பார்க்கிறவர்களுக்காவது யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.