காதில்லாத ஊசி

ஸ்வெட்டர் பின்னுகிறவரின் பையைத் திறந்தால் முதலில் கைக்கு வருபவை இரண்டு நீண்ட ஊசிகள். ஒரு முனை மழுங்கலாக இருக்கும். கண்ணிகள் நழுவிவிடாமல் மறுமுனையில் ஒரு குமிழ் இருக்கும். நூல் கோக்கக் காது கிடையாது. துணியைத் துளைக்கும் வேலையும் அதற்கு இல்லை. ஆனாலும் அதை ஊசி என்றே சொல்கிறோம். அந்தப் பெயருக்கு அதற்கு என்ன உரிமை?

ஊசி தமிழில் பழைய சொல். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதி அதை வடமொழிச் ‘சூசி’யோடு சேர்க்கிறது. கன்னடத்தில் சூஜி, தெலுங்கில் சூதி, மலையாளத்தில் சூசி என்று முதல் மெய்யொலி நிற்க, தமிழில் அது உதிர்ந்துவிட்டது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் பரணர், வீரர் மார்பின் புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைக் காட்டுகிறார். குளத்தில் பாய்ந்து எழும் மீன்கொத்தியைப் போல அது தசைக்குள் போய் வெளியே வருகிறது. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார் காட்டும் ஊசியோ கட்டில் கட்டுகிறவன் கையில் இருக்கிறது. அங்கே துணி இல்லை; தோல்வாரைச் செலுத்திக் கட்டுவதுதான் அதன் வேலை. ஆக, தைக்கும் ஊசியும் கட்டும் ஊசியும் சங்க காலத்திலேயே ஒரே பெயரில் இருந்திருக்கின்றன.

பிறகு அந்தப் பெயர் பல பக்கம் கிளைத்தது. சாக்கு தைக்கக் கோணியூசி, தாளைச் சேர்த்துக் குத்தக் குண்டூசி, கூந்தலில் செருகக் கொண்டையூசி, மருத்துவர் போடும் ஊசி, மலைமரத்தின் ஊசியிலை. குண்டூசிக்கும் கொண்டையூசிக்கும் காது இல்லை. மெல்லியதாய், நீண்டதாய் இருந்தால் போதும், தமிழ் அதை ஊசி என்று ஏற்றுக்கொண்டது. பின்னலூசி வந்தபோது அதற்கும் பெயர் ஆயத்தமாக இருந்தது.

பொருளின் வரலாறும் இந்தப் பெயருக்குத் துணை நிற்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரில் கிடைத்த சிவப்புக் கம்பளிக் காலுறைகள் இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. செருப்பு வார் நுழைய ஏதுவாக விரல் பகுதி இரண்டாகப் பிரிந்திருக்கும். சுமார் 1,600 ஆண்டுக்கு முந்தைய அந்தக் காலுறைகளைப் பின்னியது காதுள்ள ஒற்றை ஊசிதான். நூல் முழுவதையும் ஒவ்வொரு கண்ணி வழியாகவும் இழுத்தாக வேண்டும் என்பதால், துண்டு துண்டு நூலில்தான் வேலை நடக்கும். காதில்லாத ஊசிகள் இந்தக் கட்டை அவிழ்த்தன. கண்ணிகள் ஊசிமேல் வரிசையாகக் காத்திருக்க, உருண்டையிலிருந்து நூல் தடையின்றி வந்துகொண்டே இருக்கும். மாஸ்டர் பெர்ட்ராம் 1400ஐ ஒட்டித் தீட்டிய பலிபீட ஓவியத்தில் கன்னி மரியாள் நான்கு ஊசிகளைக் கொண்டு ஒரு சட்டையின் கழுத்தை வட்டமாகப் பின்னுகிறார். காது போனது குறையல்ல. கைவேலை கண்ட முன்னேற்றம்.

ஊசியின் பழைய எண்ணிலும் ஒரு வரலாறு இருக்கிறது. 8ஆம் நம்பர் ஊசி 4 மில்லிமீட்டர் தடிமன், 10ஆம் நம்பர் 3.25, 14ஆம் நம்பர் 2. எண் ஏற ஏற ஊசி மெலிகிறது. இது பிரிட்டிஷ் கம்பி அளவிலிருந்து வந்த முறை. கம்பியை அச்சுத் துளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பார்கள்; இழுக்கும் தடவை கூடினால் கம்பி மெலியும். நம் பொற்கொல்லர் பட்டறைக் கம்பியச்சும் இதே வேலையைச் செய்வதுதான். அளவெண் அழிந்துபோன பழைய ஊசியைத் துளைத்தகட்டில் நுழைத்து நம்பர் கண்டுபிடிப்பவர், கம்பி இழுத்தவரின் கணக்கையே திரும்பப் படிக்கிறார்.

பையில் கூடவே கிடக்கும் ஊக்கு ஆங்கில ‘ஹுக்’கின் தமிழ் வடிவம். தவறிய கண்ணி ஓடிவிடாமல் பிடித்து வைக்க அதுவே போதும். இலங்கைத் தமிழர் லேஸைச் சொல்லும் ரேந்தையும் அப்படித்தான்; அது போர்த்துக்கீசிய ‘ரெண்டா’விலிருந்து வந்தது.

பெயர்ச்சொற்கள் இப்படி வெளியிலிருந்து வந்தாலும், வேலையைச் சொல்லும் வினை தமிழிலேயே இருந்தது. முள் தைக்கிறது, அம்பு தைக்கிறது, சட்டையும் தைக்கிறோம். தை என்றால் துளைத்தல். சடை, கூடை, வலை எல்லாம் பின்னுகிறோம். அவற்றில் துளைத்தல் இல்லை, இழையோடு இழை கோத்து நிற்கிறது. ஸ்வெட்டருக்குத் தமிழர் ‘பின்னு’ என்பதைத் தேர்ந்தது கைவேலையின் இயல்பை அறிந்த தேர்வு. தையலைப் பிரிப்போம், சடையையும் ஸ்வெட்டரையும் அவிழ்ப்போம்.

திருப்பூரின் பின்னலாடையிலும் நிலைத்தது அந்த வினைதான். 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசியும் உள்ள வட்ட இயந்திரத்தில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கொக்கி, அதைத் திறந்து மூட ஒரு சிறு தாழ். ஒரு கொக்கி உடைந்தாலும் துணியில் நெடுகக் கோடு விழும். அங்கே அதை ‘நீடில்’ என்கிறார்கள். ஆனால் ஆடை பின்னலாடையாகவே இருக்கிறது.

கைவேலைச் சொற்களைத் தொகுப்பவர்கள் கருவிப் பெயரோடு நின்றுவிடக் கூடாது. ஊசி என்று மட்டும் எழுதிவைத்தால் பின்னல் வேலையில் பாதிகூட அகராதிக்குள் வராது. கண்ணி போடுவது, ஏற்றுவது, இறக்குவது, தவறியதை எடுப்பது, அவிழ்ப்பது ஆகிய வினைகளையும் பின்னுகிறவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுத வேண்டும்.