கூடு பார்க்க வந்தவள்

திருப்பருத்திக்குன்றத்தின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. சுற்றிலும் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகள். தறியில் உட்கார்ந்திருப்பவர் நெசவாளி. தார் சுற்றித் தருபவளும், கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ளுபவளும் 'உதவிக்கு இருப்பவர்கள்'. பறவையியலின் வரலாற்றிலும் இப்படியொரு கணக்கு உண்டு.

ஆண் பறவையின் பாட்டு, தலைமுறை தலைமுறையாகப் பெண் செய்த தெரிவால் உருவானது என்று 1871இல் டார்வின் எழுதினார். பெண்ணுக்குப் பிடித்த பாட்டுக்காரனுக்கே குஞ்சுகள். குஞ்சுகள் வழியாக அந்தப் பாட்டுத்திறன் நிலைக்கிறது. இயற்கைத் தேர்வைத் தனியாகக் கண்டறிந்த வாலஸ்கூட இதை ஏற்கவில்லை. ஆணின் உடல்வலு பொங்கி வழிவதே அலங்காரம் என்றார். மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் முழுச் சொத்துரிமை 1882 வரை கிடைக்காத இங்கிலாந்து அது. பெண்ணின் ரசனைக்கு ஓர் இனத்தையே மாற்றும் வலு உண்டென்பது அங்கே எளிதில் செரிக்கவில்லை.

இங்கே 1930இல், மும்பைக்கு அருகே கீஹீம் கடற்கரையில், சலீம் அலி தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் பாதிக்கூடு முடைந்துவிட்டுச் சிறகடித்துப் பாடுகிறது. பெண் வந்து, உள்ளே நுழைந்து பார்க்கிறது. பிடித்தால் தங்குகிறது, அதன்பிறகே ஆண் மீதியை முடிக்கிறது. நம் வீடுகளில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள். குருவிகளிடம் பாடிக்காட்டுவது மாப்பிள்ளை.

ஆனாலும் பாட்டு ஆணுடையது, பெண் வெறும் கேட்பவள் என்ற எண்ணம் நீண்ட நாள் நீடித்தது. பெண் பறவை அரிதாகவே பாடும் வடக்கத்திய நாடுகளில்தான் ஆய்வாளர்கள் அதிகம் இருந்தார்கள். 2014இல் கேரன் ஓடமும் சக ஆய்வாளர்களும் 323 இனங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, 71 சதவீத இனங்களில் பெண்ணும் பாடுவது தெரிந்தது. பாடும் பறவைகளின் ஆதித்தாயும் பாடியவளே என்பது அவர்களின் முடிவு. பாட்டு சில இனங்களின் பெண்களிடம் பிற்காலத்தில் அற்றுப்போயிருக்கிறது. ஆகவே பாட்டைத் துணைத்தெரிவு ஒன்றை வைத்தே விளக்க முடியாது. இடத்தையும் இரையையும் காக்கும் போட்டியில் பெண்ணுக்கும் குரல் தேவைப்பட்டிருக்கிறது. பெண் பறவையின் பாட்டைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் 68 சதவீதத்துக்கு முதல் ஆசிரியர் பெண் என்று 2020இல் ஒரு கணக்கு வந்தது. பறவைப் பாட்டு பற்றிய பொதுவான கட்டுரைகளில் அது 44 சதவீதம்.

குருவியிடம் நாம் நீதி கற்கப் போகவேண்டியதில்லை. பெண் முட்டையிட்டதும் ஆண் தூக்கணாங்குருவி அடுத்த கூட்டுக்கும் அடுத்த துணைக்கும் போய்விடும். பெண்ணின் பாட்டு காட்டில் எப்போதும் இருந்தது. ஏட்டில் ஏற, அதைக் கேட்க நினைத்தவர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் வரவேண்டியிருந்தது.