எரிபொருளுக்கும் சுவாசத்திற்கும் இடையே: விமான அறைக்காற்றின் வரலாறு

1935-இல் டாட்டா நிறுவனம் பம்பாய்–திருவனந்தபுரம் விமானச் சேவையைத் தொடங்கியபோது அவ்வழியில் பறந்தது 'ஃபாக்ஸ் மாத்' என்னும் ஒற்றை எந்திர விமானம். பயணிகள் முன்னே மூடிய சிற்றறையில் அமர்ந்தனர். விமானி பின்னே திறந்தவெளியில் அமர்ந்து ஓட்டினார். தாழப் பறந்த அவ்விமானத்திற்கு அறைக்காற்றை அழுத்தவோ குளிர்விக்கவோ தேவை எழவில்லை.

ஜெட் விமானங்கள் 10 கிலோமீட்டர் உயரத்தை எட்டியதும் நிலை மாறியது. அங்குள்ள காற்று சுவாசத்திற்குப் போதாத அளவு அடர்த்தி குறைந்தது. எனவே எந்திரத்தின் அமுக்கியிலிருந்தே ஒரு பகுதிக் காற்று பிரித்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் வரும் அக்காற்றை வெப்பமாற்றிகளும் சிறு சுழலியும் குளிர்விக்கின்றன. உந்துவிசைக்குப் பயன்படவேண்டிய காற்று இவ்வாறு அறைக்குத் திருப்பப்படுவதால் எரிபொருட் செலவு கூடுகிறது.

1973–74-இல் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அதுவரை பல ஜெட் விமானங்களின் அறைக்குள் முழுவதும் புதுக்காற்றே செலுத்தப்பட்டது. 1980-களில் வந்த போயிங் 757, 767 போன்றவற்றில் அறைக்காற்றில் ஏறத்தாழப் பாதி, வடிகட்டி மீண்டும் சுழற்றப்பட்டது. எரிபொருள் மிச்சமானது, ஆனால் அந்த மிச்சம் பயணியின் புதுக்காற்றுப் பங்கிலிருந்தே வந்தது. அப்பங்கு எங்கே முடியவேண்டும் என்பதைச் சந்தை தீர்மானிக்கவில்லை. விமானத்தை வடிவமைக்கையில் ஒருவருக்கு நிமிடத்திற்குக் குறைந்தது 250 கிராம் அளவு புதுக்காற்று உறுதிசெய்யப்பட வேண்டும் என அமெரிக்க விதி 1996-இல் வரையறுத்தது.

2012-இல் இந்தியா வந்த போயிங் 787 வேறு வழியைக் காட்டியது. அது எந்திரக் காற்றை அறைக்கு எடுப்பதில்லை. மின்னமுக்கிகள் வெளிக்காற்றை நேரடியாக உள்ளிழுக்கின்றன. ஆயினும் அதற்குப் பெரிய மின்னாக்கிகள் வேண்டும். அவற்றின் எடையும் எரிபொருள் கேட்கும். பின்னர் வந்த ஏர்பஸ் ஏ350 பழைய முறையையே தக்கவைத்தது.

இன்று திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குச் செல்லும் போயிங் 737 விமானங்களும் எந்திரக் காற்றையே நம்பியுள்ளன. கடலோர ஈரவெப்பத்தில் அவை தரையில் நிற்கையில், வெளியிலிருந்து குளிர்காற்று தரப்படாவிட்டால், வால்பகுதியிலுள்ள துணை எந்திரம் எரிபொருளை எரித்து அறையைக் குளிர்விக்கிறது. ஆகவே சிக்கனத்தின் ஒரு பகுதி விமானத்தில் அன்று, நிலையத்தின் ஏற்பாட்டில் உள்ளது.

விமானத் திறனின் வரலாறு பெரும்பாலும் இறக்கைகளையும் எந்திரங்களையும் கொண்டே எழுதப்படுகிறது. மிச்சமான ஒவ்வொரு லிட்டரும் யாருடைய பங்கிலிருந்து மிச்சமானது என்ற கேள்வியும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும்.