சுவருக்கு அனுமதி கேட்டவர் யார்?



2019 டிசம்பர் 2, திங்கட்கிழமை. விடியும் முன்பே, கொட்டும் மழையில், மேட்டுப்பாளையம் நடூர் ஏ.டி. காலனியில் ஒரு தனியார் வீட்டின் சுற்றுச்சுவர் இடிந்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. உயரம் ஏறத்தாழ 20 அடி, கருங்கல் சுவர். உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் எழவே இல்லை. அனைவரும் நம் அருந்ததிய மக்கள். மகனையும் மகளையும் ஒருசேரப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் அன்றைக்கே அவர்களின் கண்களைத் தானமாகக் கொடுத்தார்.

அரசு முதலில் அறிவித்தது தலைக்கு 4 லட்சம் ரூபாய். இயற்கைப் பேரிடரில் இறந்தால் கொடுக்கும் தொகை அது. அதாவது கணக்கில் இது மழைச் சாவு. உடல்களை வாங்க மறுத்துப் போராடியவர்கள் மேல் தடியடி நடந்தது, தோழர்கள் சிறைக்குப் போனார்கள். தொகை பிறகு 10 லட்சமாக உயர்ந்தது. சுவரின் உரிமையாளர் கைதானார், பின்னர் பிணையில் வெளியே வந்தார். இதெல்லாம் நீங்கள் அறிந்ததே. இன்று நாம் பேச வந்தது அந்த நாட்களில் போதிய அழுத்தத்தோடு கேட்கப்படாத ஒரு கேள்வியை: அந்தச் சுவரை யாராவது ஆய்வு செய்தார்களா?

தீண்டாமைச் சுவர் என்றோம் நாம். சுற்றுச்சுவர் என்றார்கள் அவர்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பின் எழுந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று இடிக்கவைத்தபோது, அது ஊரையும் சேரியையும் பிரிக்கும் சுவர் என்பதை எவரும் மறைக்க முடியவில்லை. நடூரில் நின்றதோ ஒருவரின் சொந்த இடத்துச் சுவர். சாதியை மெய்ப்பிக்க நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக வாதாட வேண்டும். உயரத்தை மெய்ப்பிக்க ஒரு அளவு நாடா போதும். அந்த நாடாவைப் பிடிக்கும் அதிகாரம் நகராட்சிக்கு 1920-லிருந்தே இருந்தது.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1920. 2023-இல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை மேட்டுப்பாளையம் போன்ற நகராட்சிகளை ஆண்டது அதுதான். கட்டடம் என்ற சொல்லுக்குள் அது வீட்டையும் தொழுவத்தையும் கொட்டகையையும் மட்டும் அல்ல, தாழ்வான எல்லைச் சுவர் நீங்கலாக மற்றச் சுவர்களையும் சேர்த்தது. ஒரு கட்டுமானம் பாழடைந்தோ, வழிப்போக்கருக்கும் அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் குடியிருப்போருக்கும் ஆபத்தாகவோ இருந்தால், அதைச் சரிசெய் அல்லது இடி என்று உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். ஆபத்து உடனடியானது என்றால் நிர்வாகமே இறங்கி வேலையைச் செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். ‘அக்கம்பக்கத்தில் குடியிருப்போர்’ என்று எழுதியவன் வெள்ளைக்காரன். அந்தச் சொல்லுக்குள் ஏ.டி. காலனியும் அடங்கும் என்பது நூறு ஆண்டுகளாகியும் நம் அலுவலகங்களுக்கு எட்டவில்லை. சுவர் பயமுறுத்துகிறது என்று முன்பே முறையிட்டிருந்தோம் என்று காலனி மக்கள் சொன்னார்கள்.

இதே சட்டம் குடிசைகளைத் தனியாகப் பிரித்து வைத்தது. மண், மரம், ஓலை, புல் கொண்டு கட்டியவை குடிசை. அவற்றுக்கு வேறு விண்ணப்பம், வேறு விதி. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிளேக் காலத்துக்குப் போகவேண்டும். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன, போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நோய்க்குப் பயந்த நகரம் காற்றோட்டம், சாக்கடை, வரிசை என்று வீடுகளை அளக்கத் தொடங்கியது. அந்தப் பயத்தின் விரல் நம் குடிசைகளை நோக்கி நீண்டது. குடிசை நகரத்துக்கு ஆபத்து என்று ஆய்வாளர் வந்தார். நகரம் குடிசைக்கு ஆபத்தாகும்போது வரவில்லை.

கட்டட அனுமதி என்பதே நமக்குப் புதிதல்ல. திருவிதாங்கூரில் நாடார்கள் மாடி வீடு கட்டக்கூடாது என்ற தடை இருந்ததை நாம் படித்திருக்கிறோம். கொங்குப் பக்கம் பண்ணையத்தில் இருந்த நம் முன்னோர் குடியிருந்ததோ கவுண்டர் தோட்டத்து ஓரத்தில், இல்லையென்றால் புறம்போக்கில். பண்ணையத்தை விட்டால் கூரையையும் விடவேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே சாதிதான் வரைபடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டது.

பிறகு அரசு நிலம் எடுத்துக் கொடுத்தது. 1974-இல் இன்றைய தாட்கோ தொடங்கியது, 1978-இல் ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. பெரும் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் எடுத்த நிலம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பள்ளத்தில், ஓடைக் கரையில். பல இடங்களில் பட்டா கையில் இருக்கும், நிலத்தை அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். பட்டா தெளிவில்லை என்றால் வரைபட அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்றால் வங்கிக் கடன் இல்லை. அதனால் ஒரு அறை, அடுத்த சீட்டு விழுந்ததும் இன்னொரு அறை என்று வீடு வளர்கிறது. பிறகு அதற்கு ‘அனுமதியற்ற கட்டடம்’ என்று பெயர்.

இன்னொரு முரணையும் சொல்லவேண்டும். கோவையின் மாடிகளை எழுப்பும் சித்தாளும் கொத்தனாரும் பெரும்பாலும் நம் ஆட்கள். கட்டடத் தொழிலாளர்கள் போராடிப் பெற்றதுதான் 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் 1994-இல் வந்த நலவாரியமும். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வாரியத்துக்கு. அதை வசூலிக்கும் இடம் வரைபட அனுமதி கொடுக்கும் மேசை. அனுமதி வாங்காமல் எழும் சுவருக்கு அங்கே வரியும் கட்டப்படவில்லை, ஆய்வும் நடக்கவில்லை. ஒரே ஏய்ப்பில் கட்டியவளின் ஓய்வூதியமும் பக்கத்தில் குடியிருப்பவளின் உயிரும் போகின்றன.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் விண்ணப்பித்தால் ஆய்வில்லாமலே உடனடி அனுமதி. லஞ்சம் குறையும் என்கிறார்கள். குறையட்டும், அலுவலக வாசலில் நின்று சலித்தவர்கள்தாம் நாமும். ஆனால் இது பட்டா தெளிவாக உள்ளவர்களுக்குத் திறந்த கதவு. ஆய்வாளரே வராத ஊரில், ஓடை மேட்டில் எழும் பக்கத்துச் சுவரைக் கீழே இருப்பவர் சார்பில் யார் பார்ப்பார்கள்? கேட்டால் நம்மை வளர்ச்சிக்கு எதிரி என்பார்கள். நாம் கேட்பது இன்னும் ஒரு ஆய்வு, நம் பக்கத்திலிருந்து.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். உங்கள் ஊர்க் காலனியை ஒட்டி நிற்கும் உயரமான சுவர்களை அளந்து குறியுங்கள். கீழே எத்தனை வீடு, மழைநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, சுவரில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்று எழுதுங்கள். பிறகு உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி: இந்தச் சுவருக்கு அனுமதி உண்டா, கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள், ஆபத்தான கட்டுமானம் என்று இந்த வார்டில் யாருக்காவது நோட்டீஸ் கொடுத்திருக்கிறீர்களா? விண்ணப்பத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டவேண்டும். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வந்த பதிலையும் வராத பதிலையும் அடுத்த டிசம்பர் 2-க்குள் எங்களுக்குக் கொண்டுவாருங்கள்.