காட்டுக்குள்ள கேமரா போன கதை

"என்ன லென்ஸ் வெச்சிருக்கீங்க? எத்தனை எம்எம்?"

பறவை, மிருகம்னு படம் எடுக்கறவங்க ரெண்டு பேர் சந்திச்சா முதல் கேள்வி இதுதான். பெருசா, பளிச்னு விழுந்தா அது நல்ல படம். அதுக்குப் பெரிய லென்ஸ் வேணும். பெரிய லென்ஸுக்குப் பெரிய சம்பளம் வேணும். (நம்மள மாதிரி பொட்டி தட்டற கூட்டம் இதுல மாட்டிக்கிட்டது இப்படித்தான் :-))

ஆனா பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தா விஷயம் வேற.

1839ல புகைப்படக்கலை வெளியுலகத்துக்கு வந்தப்போ ஒரு படம் பதியவே பல நிமிஷம் ஆகும். எந்த மிருகம் அவ்வளவு நேரம் அசையாம நிக்கும்? பிறகு நேரம் குறைஞ்சாலும், அந்தப் பெட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் காட்டுக்குள்ள தூக்கிட்டுப் போறது பெரும்பாடு. அதனால நம்ம நாட்டுல எடுத்த ஆரம்பகாலப் புலிப் படங்கள்ல பெரும்பாலும் புலி செத்துக் கிடக்கும், பக்கத்துல துரையோ ராஜாவோ துப்பாக்கியோட நிப்பார். செத்த புலி அசையாது இல்லையா!

இதை மாத்தினவங்கள்ல ஒருத்தர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஷிராஸ். வேட்டைக்காரரா இருந்து கேமராவுக்கு மாறினவர். ராத்திரி படகுல விளக்கு வெச்சு மான்களைத் திகைக்க வைக்கிற வேட்டை உத்தியையே படம் எடுக்கப் பயன்படுத்தினார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகை அவரோட 74 படங்களை வெளியிட்டது.

இந்தியாவில் அதே வேலையைச் செஞ்சவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். அன்றைய ஐக்கிய மாகாணத்துல (இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட்) வன அதிகாரி. காட்டுப் பாதைக்குக் குறுக்கே கம்பி கட்டி, அதோட கேமராவையும் ஃபிளாஷையும் இணைச்சார். அந்த வழியா வர்ற புலி கம்பியை மிதிச்சா, தன் படத்தைத் தானே எடுத்துக்கும்! 1925ல அந்தப் படங்கள் லண்டன் பத்திரிகையில் வந்துச்சு, 1927ல புத்தகமாச்சு.

யோசிச்சுப் பாருங்க, கம்பியை எங்க கட்டறது? காலடித் தடம் படிச்சு, புலி எந்தப் பாதையில் நடமாடுதுன்னு தெரிஞ்சவரால்தான் கட்ட முடியும். படத்துக்குப் பாதி பலம் அங்கேயே வந்துடுது. இன்னைக்குப் புலிக் கணக்கெடுப்பில் வைக்கிற தானியங்கி கேமராவும் அந்தக் கம்பியோட பேரப்பிள்ளைதான்.

அடுத்தது நம்ம ஆளு, மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதின அ. மாதவையாவின் மகன். 1912ல திருநெல்வேலியில் பிறந்தவர். 1950ல் தொடங்கி 1996ல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பத்தி விடாம பத்தி எழுதினார். 1970ல் பத்மஸ்ரீ. அவர் கேமரா இருக்கே, உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி, மத்ததெல்லாம் அவரே சேர்த்துக் கட்டினது. அதுக்கு 'சூப்பர் பாண்டெரோசா'ன்னு பட்டப்பேர் வேற. கலர் ஃபிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடலை. ஆனா அந்த ஒட்டுப்போட்ட கேமராவுக்குப் பின்னாடி காட்டுல பல வருஷம் பார்த்துப் பழகின கண்ணு இருந்துச்சு. அந்தக் கண்ணை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது.

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. 2009ல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில் முதல் பரிசு வாங்கின படத்துல ஓநாய் ஒண்ணு வேலிக்கதவைத் தாண்டிக் குதிக்கும். அபாரமான படம். அது பழக்கப்படுத்தின ஓநாயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு நடுவர்கள் முடிவு பண்ணி, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப வாங்கிட்டாங்க. எடுத்தவர் மறுத்தார். படத்துல ஒரு புள்ளிகூட மாறலை. ஆனா அதுக்கப்புறம் நம்ம அதைப் பார்க்கற பார்வை மாறிடுச்சே!

இதெல்லாம் எங்கேயோ நடந்ததுன்னு விட முடியலை. எங்க சிதம்பரத்துக்குப் பக்கத்துல பிச்சாவரத்துலயும் இதே கேள்விதான். ஒருமுறை கூட வந்த ஒருத்தர் படகுக்காரர்கிட்ட, "அண்ணே, துடுப்பால தண்ணியில ஒரு தட்டு தட்டுங்க, எல்லாம் பறக்கட்டும்"னார். உட்கார்ந்திருக்கிற கொக்கை எடுத்தா லைக் விழாதாம். படகுக்காரர் தட்டலை. "அது சாப்பிட வந்திருக்கு தம்பி" அப்படின்னார், அவ்வளவுதான்.

அவர் சொன்னதுல ஒரு பாடமே இருக்கு. தண்ணி வத்தி சேறு தெரியற நேரம்தான் அதுங்களுக்குச் சாப்பாட்டு நேரம். மழைக்காலம் முடிஞ்சு வடக்கே திரும்பப் போற உள்ளான்களுக்கு அங்கே சேர்க்கிற கொழுப்புதான் பெட்ரோல். ஒவ்வொரு தடவை கிளப்பி விடும்போதும் அதுல கொஞ்சம் வீணாகுது. நமக்கு ஒரு படம், அதுக்கு ஒரு வேளைச் சோறு.

என் கட்சி இதுதான்: நல்ல விலங்குப் படம்ங்கறது அந்த உயிர் நம்மளைச் சட்டை பண்ணாம தன் வேலையைப் பார்க்கற படம். சுரபுன்னை வேர்களுக்கு நடுவுல, சேத்துல காலை ஊனி, மீனுக்காக அசையாம நிக்கிற கொக்கு போதும். சாம்பியனுக்குப் புலித்தடம் மாதிரி, நமக்கு இங்க தண்ணி எப்போ ஏறும், எப்போ இறங்கும்னு தெரியணும். மோட்டார் படகை விட்டுட்டு துடுப்புப் படகுல போகணும். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உட்காரணும். நம்ம கூட்டத்துக்குக் கஷ்டமான வேலை அந்தக் கடைசி ஒண்ணுதான் :-)