மாண்ட பின் கிடைத்த இறையாண்மை

அதிகாரம் வேறு, இறையாண்மை வேறு என்று பன்னாட்டு அரசியல் நூல்கள் தொடக்கத்திலேயே பிரித்துவிடுகின்றன. தஞ்சை மராட்டிய அரசின் கடைசி நூறாண்டைப் பார்த்தால், இறையாண்மை என்பது வலியவன் தன் வசதிப்படி கொடுத்தும் பறித்தும் வந்த பட்டம் என்றே படுகிறது. 1760-களில் கல்லணைப் பக்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள கரையைச் செப்பனிடுவது யார் என்று தகராறு எழுந்தது. கொள்ளிடம் தாழ்வான ஆறு. கரை உடைந்தால் காவிரித் தண்ணீர் அதில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும், தஞ்சையில் நடவு நடக்காது. இடம் திருச்சிச் சீமையைச் சேர்ந்தது, எனவே உரிமை தனக்கே என்றார் ஆற்காட்டு நவாப் முகமது அலி. காலங்காலமாகக் கரை கட்டுவது நாங்கள்தான் என்றது தஞ்சை. சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் தஞ்சையின் பக்கம் நின்றார்கள். ஆனால் தன் வயலுக்கு வரும் தண்ணீரைக் காக்க வியாபாரிகளிடம் முறையிட நேர்ந்த அரசுக்கு, பட்டம் மட்டும்தான் மிச்சம். 1773-இல் கம்பெனிப் படை நவாபுக்காகத் தஞ்சையைப் பிடித்தது. 1776-இல் அதே கம்பெனி தஞ்சை மன்னர் துளஜாவை மறுபடி அரியணையில் அமர்த்தியது.

1799 ஒப்பந்தப்படி தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனியிடம் விட்டார். அவருக்கு எஞ்சியவை கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். அவர் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசின்றி இறந்ததும், அரசு முடிந்தது என்று கம்பெனி அறிவித்தது. மறு ஆண்டு அக்டோபரில் ஆணையர் ஃபோர்ப்ஸ் படையோடு அரண்மனைக்குள் வந்து, அறைகளுக்கு முத்திரை வைத்து, மன்னரின் சொந்தச் சொத்தையும் சேர்த்துக் கைப்பற்றினார். மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார்; சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1859-இல் மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. சொத்தைக் கைப்பற்றியது ஓர் அரசு இன்னோர் அரசின் மீது எடுத்த நடவடிக்கை, நியாயமோ அநியாயமோ நீதிமன்றம் தலையிட முடியாது என்பது அதன் நிலைப்பாடு. அரை நூற்றாண்டு கம்பெனி தந்த தொகையில் வாழ்ந்த மன்னர் குடும்பம், சொத்தைப் பறிகொடுத்த பின் அயல் அரசாகிவிட்டது. ராணியைக் குடிமகளாக எண்ணியிருந்தால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

கோட்டைக்குள் மன்னர் ஆட்சி நடந்தது உண்மைதானே, தீர்ப்பில் என்ன பிழை என்று கேட்கலாம். ஏட்டளவில் சரி. ஆனால் அயல் அரசு என்றால் போரோ உடன்படிக்கையோ இருந்திருக்க வேண்டும். 1855-இல் புதிதாக இரண்டுமே இல்லை. சோழரும் நாயக்கரும் வென்ற நாட்டைச் சூறையாடவில்லையா என்பார்கள். சூறையாடினார்கள்; ஆனால் தாங்கள் பறித்ததைக் கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் உரிமையில்லை என்று சட்ட நூலைக் காட்டி நிரூபிக்கவில்லை. 1862-இல் அரசாங்கம் சொத்தை ராணிகளிடமே திருப்பிக் கொடுத்தது. உரிமை என்று அல்ல, கருணை என்று எழுதி.